பினாங்கு குடும்பக் குழு: சிவப்பு கிட்டார் வந்தாச்சு

நான்: (படம்)

நான்: வாங்கிட்டேன்!!!

நான்: ரயில்ல வந்துக்கிட்டு இருக்கேன். இப்பதான் ஈப்போ தாண்டுச்சு.

சித்தி: ஐயோ என்ன அழகு! சிவப்பு பளபளன்னு இருக்கே பிள்ளை.

பெரிய மாமா: எஃப் எழுத்து வடிவத்துல ஓட்டை வச்சதா? கிப்சனாம்மா?

நான்: எபிஃபோன் மாமா. இ.எஸ். 335, செர்ரி கலர். கிப்சன்ல இதே மாடல் பல மடங்கு விலை. எபிஃபோன் 1957-லயே கிப்சன் கைக்கு வந்த கம்பெனிதானே, அதனால இந்த வடிவத்தையும் பேரையும் முறைப்படி போட்டுச் செய்றாங்க.

அம்மா: சாப்பிட்டியா?

நான்: தம்பி வீட்டுல சாப்பிட்டுத்தான் ஏறினேன்மா. மேல் தட்டுல வைக்க மனசு வரல, முழங்காலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டே வர்றேன். பக்கத்து சீட்டு பாட்டி "வீணையாம்மா"ன்னு கேட்டாங்க.

அம்மா: எவ்வளவு ஆச்சு?

நான்: மூவாயிரம் வெள்ளிகிட்ட. எல்லாம் ஓவர்டைம் காசு, தனியா போட்டு வச்சது. வீட்டுக் காசைத் தொடலமா.

அம்மா: தொட்டிருந்தாலும் நான் கேட்க மாட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ பழைய கிட்டாரை வித்தது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா.

நான்: அம்மா, அதெல்லாம் இங்க எழுதாதீங்க.

சித்தி: எழுதட்டும். எல்லாருக்கும் தெரியட்டும்.

அக்கா: எனக்கே இப்பதான் தெரியுது. ஏன்டி சொல்லவே இல்ல?

நான்: விடுக்கா. அதான் வந்துடுச்சே.

தம்பி (செந்தூல்): கடையில நான் கூட நின்னேன். அக்கா சும்மா கையில கொடுத்ததை வாங்கிட்டு வரல. ஒரே மாடல்ல மூணு இறக்கச் சொல்லி, ஒத்தக் கண்ணை மூடிக் கழுத்து நேரா இருக்கான்னு பார்த்து, கழுத்துக் குறுக்க இருக்கிற ஃப்ரெட் கம்பி ஒவ்வொன்னா அழுத்தி வாசிச்சுப் பார்த்துச்சு. கடைக்காரரே கடைசியில டார்ச் லைட் எடுத்துக் கொடுத்தாரு.

அக்கா: டார்ச் எதுக்கு?

நான்: எஃப் ஓட்டைக்குள்ள அடிச்சுப் பார்க்கத்தான்க்கா. உள்ள நீல லேபல் ஒட்டியிருக்கும். அதைத் தாண்டி எட்டிப் பார்த்தா கிட்டார் உள்ள நடுவுல ஓடுற கட்டையோட ஓரம் தெரியும். பசை விட்டுப் போயிருக்கா, ஒயர் தொங்குதான்னு பார்க்கணும். உள்ள காலியே இல்லாத சாலிட் பாடி கிட்டார்ல பின்னாடி மூடியைக் கழட்டினா எல்லாம் கைக்கு வந்துடும். இதுல மூடியே கிடையாது. வால்யூம் குமிழ் ஒன்னு கெட்டாலும் அதுல நூலைக் கட்டி, உள்ள தள்ளி, எஃப் ஓட்டை வழியா வெளிய எடுத்து சோல்டர் பண்ணணும். அப்புறம் அந்த நூலைப் பிடிச்சுத்தான் பழைய இடத்துக்கே இழுத்து உட்கார வைக்கணும். நான் பாயான் லெப்பாஸ் வேலையில தினம் பிடிக்கிற சோல்டரிங் அயர்ன்தான், ஆனா இது பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதனாலதான் ஒவ்வொரு குமிழையும் திருகித் திருகி கரகரன்னு வருதான்னு கேட்டேன். மூணாவது கிட்டார்லதான் எல்லாமே சுத்தமா இருந்துச்சு.

தம்பி (செந்தூல்): ஆனா ஒன்னு சொல்றேன். அதே காசுக்கு ஒரு சாலிட் பாடியும் சத்தத்தைப் பெருக்குற நல்ல ஆம்ப்பும் சேர்த்தே வாங்கியிருக்கலாம். அப்பவும் சொன்னேன், இப்பவும் அதான் சொல்றேன்.

பெரிய மாமா: தம்பி, நீ மேடையில ஏறி வாசிச்சவன் இல்ல. நான் சொல்றேன் கேளு. எங்க இசைக்குழுவுல நான் வச்சிருந்தது முழுக்க உள்ள காலியான கிட்டார். கல்யாண மண்டபத்துல பாடகர் பக்கத்துல உட்கார்ந்து மெதுவா வாசிச்சா அந்த இனிமை வேற எதுலயும் வராது. அதையே கோயில் திருவிழா மேடைக்குக் கொண்டு போனா தொலைஞ்சோம். பின்னால ஆள் உயர ஸ்பீக்கர், பக்கத்துல ஜெனரேட்டர், தலைக்கு மேல டியூப் லைட். வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினாலே ஊஊஊன்னு ஊளையிட ஆரம்பிச்சிடும். பழைய பனியனைச் சுருட்டி ரெண்டு ஓட்டையிலயும் அடைச்சுக்கிட்டுத்தான் முழுக் கச்சேரியும் வாசிப்பேன்.

நான்: மாமா!! ப்ளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங்கும் அதையேதான் செஞ்சாரு. அவரோட இ.எஸ். 355-ல ஓட்டைக்குள்ள துணி அடைச்சு வாசிச்சிருக்காரு. அப்புறம் 1980-ல கிப்சன் அவருக்குன்னு லூசில் மாடல் செஞ்சப்ப எஃப் ஓட்டையே இல்லாம செஞ்சு கொடுத்தாங்க.

பெரிய மாமா: அப்படியா! எங்க டிரம்மர்கிட்ட சொல்லணும். அந்த யோசனை அவரு கொடுத்ததுதான். ரொம்ப சந்தோஷப்படுவாரு.

சித்தி: ஊளை ஏன் வருது?

நான்: ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரோட மேல் பலகையை ஆட்டும் சித்தி. பலகை தந்தியை ஆட்டும். தந்திக்குக் கீழ இருக்கிற பிக்கப் அதை எடுத்துத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும். அது இன்னும் பலமா ஆட்டும். நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்குலயே இதுக்கு ஒரு வழி பண்ணிப் பார்த்தாரு. நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில பிக்கப், தந்தி எல்லாம் மாட்டி, பார்க்க கிட்டார் மாதிரி தெரியணும்னு ரெண்டு பக்கமும் எபிஃபோன் உடம்பை வெட்டி ஒட்டினாரு. 1958-ல டெட் மெக்கார்ட்டி கிப்சன் தலைவரா இருந்தப்ப இ.எஸ். 335 வந்துச்சு. நடுவுல கழுத்துலருந்து அடி வரைக்கும் மேப்பிள் கட்டை, ரெண்டு பக்கமும் காலி. பிக்கப்பும் தந்தியைத் தாங்குற பிரிட்ஜும் அந்தக் கட்டை மேலதான் உட்காருது. அதனால திருவிழா மேடையிலயும் நிக்கும்.

நான்: இரைச்சலும் அப்படித்தான் மாமா. உங்க ஜெனரேட்டர், டியூப் லைட்டெல்லாம் போடுற அந்த உறுமல் ஒத்தச் சுருள் பிக்கப்ல அப்படியே ஏறும். 1955-ல கிப்சன்ல சேத் லவர் ரெண்டு சுருளை எதிரெதிரா சேர்த்து ஹம்பக்கர் செஞ்சாரு. ரெண்டுலயும் வர்ற உறுமல் ஒன்னை ஒன்னு அடிச்சுக்கும், தந்தி சத்தம் மட்டும் கூடி வரும். இதுல ரெண்டுமே ஹம்பக்கர்.

பெரிய மாமா: அந்த உறுமலோடயே வாசிச்சு முடிச்சேன் நான்.

நான்: தம்பி, நீ கேட்டதுக்கும் பதில் சொல்றேன். எனக்கு நைட் ஷிஃப்ட். காலையில வீட்டுக்கு வந்து ஆம்ப் போட முடியாது, பக்கத்து வீட்டுல கைக்குழந்தை. சாலிட் பாடியை ஒயர் இல்லாம வாசிச்சா எனக்கே சரியா கேக்காது. கடையில இதை ஒயர் சொருகாமலே முதல்ல வாசிச்சேன், நீயும் பார்த்த. ஆறாவது தந்தியை விட்டேன், அதோட அதிர்வு விலா எலும்புல தெரிஞ்சுச்சு. அப்புறம் ஆம்ப்ல போட்டு, கழுத்துப் பக்க பிக்கப்ல டோனைப் பாதி குறைச்சேன். ஃபார்ம் ஃபைவ் படிக்கிறப்பலருந்து என் காதுக்குள்ள இருக்கிற சத்தம் அது. எத்தனையோ கிட்டார்ல தேடிப் பார்த்துட்டேன். இதுலதான் இருக்கு.

தம்பி (செந்தூல்): சரிக்கா. அந்த நேரம் உன் மூஞ்சியப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆம்ப்புக்கு நான் பாதி போடுறேன், தீபாவளிக்கு.

அம்மா: நம்ம வீட்டுல சுவரே வேர்க்குது. மரத்துக்குப் பூசணம் பிடிக்காதா?

நான்: ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் ஒன்னு சேர்த்தே வாங்கினேன்மா. 45-லருந்து 55 சதவிகிதத்துக்குள்ள இருந்தா கிட்டாருக்கு நல்லது. நம்ம ஊர்ல மழை நாள்ல சர்வ சாதாரணமா 80-ஐத் தாண்டும். ஈரத்துல கழுத்து வளைஞ்சா தந்தி உயரமா போயிடும், அழுத்த விரல் வலிக்கும். வாசிச்சு முடிச்சதும் துடைச்சுப் பெட்டிக்குள்ள, கூட சிலிக்கா ஜெல். ஏர்கான் காத்து நேரா படுற இடத்துல வைக்கவே கூடாது. உங்க அலமாரியில கீழ்த் தட்டு வேணும்மா.

அம்மா: புடவையை எடுத்து மேல வச்சுடுறேன். வா.

பெரிய மாமா: தந்தி என்ன போட்டிருக்க? இந்த வகைக்கு ஃப்ளாட்வவுண்ட் போடும்மா, மேல தட்டைக் கம்பி சுத்தினது. விரல் தேய்க்கிற சத்தமே வராது.

நான்: இப்ப 10-46 தடிமன்ல ரவுண்ட்வவுண்ட் மாமா, உருண்டைக் கம்பி சுத்தினது, அப்படியே விடப் போறேன். ஃப்ளாட்வவுண்ட் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த செட்ல பெரும்பாலும் மூணாவது தந்தியும் சுத்தின தந்தியா வரும், இழுத்தா அசையாது. எனக்கு கமகம் வேணும். காந்தாரத்தைப் பிடிச்சு இழுத்து மத்யமத்தைத் தொட்டுட்டு நிதானமா இறங்கணும், அதுக்கு மூணாவது தந்தி வெறும் தந்தியா இருக்கணும். தந்தி நீளமும் இதுல 24¾ அங்குலம்தான், ஃபெண்டர்ல வழக்கமா 25½. அதனால இழுக்க லேசா இருக்கு. விரல் பலகை கருமருது மரம் மாமா, தொட்டா வழவழன்னு இருக்கு.

பெரிய மாமா: காந்தாரம் இழுக்கிறதை ஒரு தடவை அனுப்பு.

நான்: கடையில தம்பி பிடிச்சது இருக்கு.

நான்: (குரல் பதிவு)

சித்தி: கண்ணு கலங்குது பிள்ளை.

அக்கா: என் சின்னவ நாலு தடவை போடச் சொல்லிக் கேட்டுட்டா. நாளைக்கே அவ சித்தி உன்னைப் பார்க்கணுமாம்.

பெரிய மாமா: கேட்டேன். இழுவை நல்லா வந்திருக்கு. இறங்கும்போது இன்னும் கொஞ்சம் நின்னு இறங்கு, அவசரப்படாதே. நான் பல தந்தியைச் சேர்த்து கார்டு (chord) பிடிக்கிறேன், நீ மேல வாசி. ரெண்டு பேரும் உட்காருவோம்.

சித்தி: அப்போ தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு நீங்க ரெண்டு பேரும்தான் வாசிக்கிறீங்க. வேற பேண்ட் பார்க்க மாட்டேன், சொல்லிட்டேன்.

பெரிய மாமா: சரி. ஆனா பழக வேணாமா? ஞாயித்துக்கிழமை வாம்மா.

நான்: பசியாறிட்டு நேரா ஆயர் ஈத்தாம் வந்துடுறேன் மாமா. இப்போதைக்கு எனக்கு ஆம்ப் இல்ல. உங்க பழைய வால்வு ஆம்ப் ஓடுதா?

பெரிய மாமா: போன மாசம்தான் போட்டுப் பார்த்தேன், வால்வெல்லாம் வெளிச்சமா எரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் பிளக்ல ஃபியூஸ் மட்டும் போயிடுச்சு. வர்ற வழியில 3 ஆம்பியர் ஒன்னு வாங்கிட்டு வா, 13 வேணாம்.

நான்: ரெண்டா வாங்கிட்டு வர்றேன் மாமா.