இலங்கையின் தேசியக் கொடி, மலர், மரம், பறவை: பிள்ளைகளுக்கு எவ்வளவு அடையாளம் தெரியும் என்று எப்படிப் பார்ப்பது?

ஹட்டன் டீச்சர்:
தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 6 படிப்பிக்கிறேன். தேசியக் கொடி தெரியுமா என்றால் வகுப்பே கை தூக்குகிறது. வரையச் சொன்னால் பச்சையும் செம்மஞ்சளும் இடம் மாறுகின்றன, சிங்கத்தின் கையில் வாளைக் காணோம். சிலர் தேயிலைப் பக்கெட்டில் உள்ள சிங்கத்தையே போட்டுவிடுகிறார்கள். மலர், மரம், பறவையையும் சேர்த்து 40 நிமிடப் பாடவேளைக்குள் எப்படிச் சோதிக்கலாம்? கலர் பிரிண்ட் வசதி இல்லை.

சித்திரப் பாடம், பண்டாரவளை:
பார்த்ததும் கண்டுபிடிப்பது ஒன்று, நினைவிலிருந்து வரைவது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாகப் புள்ளி போடுங்கள் டீச்சர். வரைவதை முதலில் வையுங்கள், 10 நிமிடம் போதும். கண்டுபிடிப்பதற்கான கொடி அட்டைகளை முதலிலேயே காட்டினால் அவற்றைப் பார்த்தே வரைந்துவிடுவார்கள்.

அட்டைக்கு A4 தாளை நான்காக வெட்டி, ஒவ்வொன்றிலும் 6 × 12 செ.மீ. கொடி வரையுங்கள். கொடியின் உயரமும் நீளமும் 1:2. ஒன்று சரியானது. மற்றவற்றில் ஒவ்வொரு பிழை மட்டும்: வாள் இல்லை, அரசிலை நான்குக்குப் பதில் மூன்று, கோடுகள் இடம் மாறியவை. ஒரே அட்டையில் இரண்டு பிழை இருந்தால் பிள்ளை எதைக் கவனித்தது என்று தெரியாமல் போகும். கறுப்பு வெள்ளை போட்டோ கொப்பியில் பச்சையும் செம்மஞ்சளும் சாம்பலாகத்தான் விழும். கோடுகளுக்கு மட்டும் பெஸ்டலால் கையால் நிறம் தீட்டுங்கள்.

பழைய சாரணர்:
ஒரு விஷயம் கவனம். கம்பத்தில் ஏறிய கொடியைப் பின்பக்கமாக நின்று பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். அப்படியே வரைந்த பிள்ளைக்குப் பிழை போடக் கூடாது. எந்தப் பக்கம் நின்றாலும் மாறாதவை இரண்டு: கம்பத்தை ஒட்டியிருப்பது பச்சை, அதற்கு அடுத்தது செம்மஞ்சள், சிங்கம் பார்ப்பது கம்பத்தை. ஆகவே வரையும் தாளில் கம்பத்தையும் போடச் சொல்லுங்கள். பழைய படங்களில் மூலைகளில் அரசிலை இருக்காது. அவை 1972 மே 22இல்தான் வந்தன.

டீமேக்கர்:
பக்கெட் சிங்கம் இலங்கைத் தேயிலைச் சபையின் வர்த்தகச் சின்னம். முழுக்க இலங்கைத் தேயிலையாக, இங்கேயே பொதி செய்யப்பட்டு, சபையின் தரத்துக்கும் அமைந்த சில்லறைப் பக்கெட்டில்தான் அதைப் போடலாம். அதுவும் வாள் பிடித்த சிங்கம்தான், பிள்ளைகள் குழம்புவது நியாயமே. கோடுகள் அதில் கிடையாது. வெற்றுப் பக்கெட் ஒன்றைக் கொடியின் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே புரிந்துவிடும்.

ஹக்கலை:
பறவை நம் பிள்ளைகளுக்குச் சுலபம். ஹோர்டன் சமவெளிப் பக்கம் காட்டுக்கோழி தாராளம். சேவலின் சிவப்புக் கொண்டைக்கு நடுவே மஞ்சள் இருக்கும், வீட்டுச் சேவலுக்கு அது இல்லை. சிரமம் மலரில்தான். நீல அல்லியை மலையில் காண்பது அரிது, அதனால் தாமரையோடு குழப்புகிறார்கள். அல்லி இலை நீரில் படிந்து கிடக்கும், காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலையில் வெட்டு இல்லை, நீருக்கு மேலே எழும்பி நிற்கும். பூவை மட்டும் காட்டாமல் இலையோடு காட்டுங்கள். நாகமரத்துக்கு இளந்தளிரின் சிவப்பையும், வெள்ளை இதழ் நான்கின் நடுவே மஞ்சள் மகரந்தக் கற்றையையும் காட்டினால் போதும்.

ஹட்டன் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. கம்பத்தோடு வரையச் சொல்வது எனக்குத் தோன்றவேயில்லை. செம்மஞ்சள் கோடு நாங்களா என்று ஒரு பிள்ளை கேட்டால்?

பழைய சாரணர்:
ஆம் என்றே சொல்லுங்கள். செம்மஞ்சள் தமிழரையும் பச்சை முஸ்லிம்களையும் குறிக்கின்றன. 1948இல் ஏற்றிய கொடியில் அந்தக் கோடுகள் இல்லை, 1950களின் தொடக்கத்தில்தான் சேர்ந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக நின்ற காலம் அது. தரம் 6 பிள்ளைக்கு அதையும் இரண்டு வசனத்தில் சொல்லலாம் டீச்சர், மறைக்க வேண்டியதில்லை.