கையால் செய்யும் பூல் க்யூ (பூல் ஆட்டக் கோல்): ஆர்டரில் என்னென்ன எழுதித் தரணும்?

எட்டாம்பந்து:
அமெரிக்காவில் ஒரு க்யூ மேக்கரிடம் ஆர்டர் கொடுக்கப் போகிறேன். 58 இன்ச், 19 அவுன்ஸ், டிப் (பந்தைத் தொடும் முனை) 12.75 மி.மீ. பட்டுக்கு (க்யூவின் தடித்த பின்பாதி) கோகோபோலோ மரம், நாலு பாயின்ட் (பட்டில் வரும் கூர்முனை அலங்காரம்). ஆடுவது பெரும்பாலும் நைன்-பால். வேறென்ன சொல்லணும்? பட்டும் முன்பாதியான ஷாஃப்ட்டும் சேரும் ஜாயின்ட் எது நல்லது? அந்தக் காலத்து அமெரிக்க க்யூ மேக்கர் பலபுஷ்காவின் க்யூவில் இருந்த மாதிரி 5/16-14 பின் (5/16 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 14 மரை உள்ள திருகு), ஸ்டீல் காலர் (ஜாயின்ட்டைச் சுற்றிய வளையம்) யோசித்து வைத்திருக்கிறேன்.

மேப்பிள்கோடு:
எடையை மட்டும் சொல்லாதீங்க, பேலன்ஸையும் சேர்த்துச் சொல்லுங்க. மரம் லேசா அமைந்துவிட்டால் பட்டின் அடியில் வெயிட் போல்ட் போட்டு 19 அவுன்ஸ் ஆக்கிவிடலாம். ஆனா பேலன்ஸ் பின்னால் போய், முன்பக்கம் கையில் நிற்காது. இப்ப ஆடுற க்யூவை ஒரு விரலில் நிறுத்தி, அடி ரப்பரிலிருந்து அந்த இடம் வரை அளங்க. பெரும்பாலும் 18, 19 இன்ச்சில் வரும். அரை இன்ச் மாறினாலே கைக்குத் தெரியும். ஸ்டீல் காலர் போட்டால் பேலன்ஸ் கொஞ்சம் முன்னால் வரும், அதையும் கணக்கில் வைங்க.

ஷாஃப்ட்டுக்கு "ப்ரோ டேப்பர்" (டேப்பர் என்றால் தடிமன் மாறும் விதம்) என்று எழுதினால் போதாது. அது பட்டறைக்குப் பட்டறை மாறும். ஃபெரூலுக்குக் (டிப்புக்கு அடியில் வரும் சிறு உறை) கீழேயும், டிப்பிலிருந்து 6, 12, 15 இன்ச்சிலும் காலிப்பரில் அளந்து எண்ணாகவே கொடுங்க. ஷாஃப்ட் மரத்தை எத்தனை தடவையாகக் கடைகிறார், நடுவில் எவ்வளவு காலம் தொங்கவிடுகிறார் என்றும் கேளுங்க. ஒரே மூச்சில் கடைந்த மேப்பிள் மர ஷாஃப்ட் பின்னால் வளையும்.

இரண்டு ஷாஃப்ட்டாக, சேர்த்தே வாங்குங்க. பாயின்ட், இன்லே (பதிப்பு வேலை) செலவைக் குறைத்தாவது இதைச் செய்யலாம் என்பது என் கருத்து. பிறகு செய்யும் ஷாஃப்ட் ஜாயின்ட்டில் விரல் தடுக்காமல் உட்காருவது கஷ்டம்.

எட்டாம்பந்து:
பின்னால் கார்பன் ஷாஃப்ட் போடும் எண்ணமும் இருக்கிறது. அதற்கு 5/16-14 சரிவருமா?

சுண்ணாம்புக்கட்டி:
வரும். 3/8-10, ரேடியல், யூனிலாக் பின்களுக்கும் கடையில் ஷாஃப்ட் கிடைக்கும். அந்த மேக்கருக்கே உரிய மரையை மட்டும் தவிருங்க. ஜாயின்ட் விட்டத்தையும் எழுதி வாங்குங்க. "ஹிட்" (அடிக்கும்போது கையில் தெரியும் உணர்வு) பற்றி நிறையப் பேசுவார்கள். டிப்பும் ஷாஃப்ட்டும் செய்யும் வித்தியாசத்தில் பாதிகூட ஜாயின்ட் செய்யாது.

ஒன்று கவனம்: கார்பனில் முனை எடை குறைவு, அதனால் சைடு போட்டு (வெள்ளைப் பந்தின் பக்கவாட்டில் தட்டிச் சுழலவிட்டு) அடிக்கும்போது க்யூ பால், அதாவது அந்த வெள்ளைப் பந்து, குறியிலிருந்து விலகுவதும் குறையும். மேப்பிளுக்குப் பழகின குறியோடு அடித்தால் பந்து தப்பும். இரண்டையும் மாற்றி மாற்றி ஆடாதீங்க.

கோகோபோலோ சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள மரம். இறக்குமதிக் காகிதங்களை மேக்கரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்க. தந்தம் எந்தப் பாகத்திலும் வேண்டாம், எல்லையில் மாட்டும்.

மேப்பிள்கோடு:
வந்ததும் பட், ஷாஃப்ட் இரண்டையும் தனித்தனியாக டேபிளில் உருட்டுங்க. அடியில் தெரியும் வெளிச்ச இடைவெளி உருளும்போது கூடிக் குறைந்தால் வளைவு. ஒரே அளவில் இருந்தால் அது டேப்பர், பயம் வேண்டாம். அடிக்கும்போது 'ங்ங்' என்று அதிர்ந்தால் முதலில் ரப்பரைக் கழற்றி வெயிட் போல்ட்டை இறுக்குங்க. அப்படியும் போகாவிட்டால் இரண்டாவது ஷாஃப்ட்டை மாட்டிப் பாருங்க. அதிலும் சத்தம் வந்தால் கோளாறு பட்டுக்குள் இருக்கிறது, மேக்கருக்கே திருப்பி அனுப்புங்க.