பிளஸ் ஒன் வேதியியல்: குளோரோஃபார்ம் சந்தேகத்துக்கு உதவி தேவை

வணக்கம். வியாசர்பாடியில சாயங்காலம் பிளஸ் ஒன் பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். முனைவு (மூலக்கூறோட ஒரு பக்கம் லேசா நேர் மின்சுமை, இன்னொரு பக்கம் எதிர் மின்சுமை) இருந்தா மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு நல்லா இழுத்துக்கும், கொதிநிலை கூடும்னு நடத்தினதும் ஒரு பொண்ணு கேட்டா: "அக்கா, குளோரோஃபார்முக்கு முனைவு இருக்கு, 61 டிகிரியிலேயே கொதிச்சிடுது. கார்பன் டெட்ராகுளோரைடுல நாலு குளோரினும் நான்முகியா நின்னு முனைவே இல்லாம போகுது. அது ஏன் 77 டிகிரி வரை தாங்குது?"

அருமையான கேள்வி! குளோரின் ஒண்ணு கூடினதால எலக்ட்ரான் மேகம் பெருசு, சுலபமா உருமாறும், அதனால லண்டன் விசை (எலக்ட்ரான் மேகம் கணநேரம் ஒரு பக்கமா ஒதுங்குறதால மூலக்கூறுகளுக்கு நடுவுல வர்ற ஈர்ப்பு) முந்திடுதுன்னு சொன்னேன். தலையாட்டினாங்க, மனசுல பதியல.

லேப் கிடையாது. பலூன், காந்தம் மாதிரி கையில கிடைக்கிறதை வெச்சு இதைக் காட்ட வழி இருக்கா? ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்க. தமிழ் வீடியோ இருந்தாலும் லிங்க் போடுங்க.