உதவி: மெயினில் ஓடுகிறது, நோட்புக்கில் இம்போர்ட் ஆக மறுக்கிறது (அவசரம்)

காற்றளவி
காற்றுச் சுரங்க அளவீடுகளை அலசும் நிரல்கள் இரண்டு வருடமாகப் பத்துப் பன்னிரண்டு நோட்புக்குகளில் (நிரலைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் ஆவணங்கள்) சிதறிக் கிடந்தன. கட்டுரையோடு நிரலையும் தரவையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக, அதாவது நிரல் கோப்புகளைச் சேர்த்து வைத்த ஒரே ஃபோல்டராக, மாற்றினேன். மெயின் கோப்பை ஓட்டினால் அழகாக ஓடுகிறது. நோட்புக்கில் பேக்கேஜை அழைக்கும் அதே இம்போர்ட் வரியைப் போட்டால் 'நோ மாட்யூல் நேம்டு' என்று பிழை வருகிறது. ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது! நாளை மறுநாள் அனுப்பியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பணி
எந்த மொழி, எந்தப் பதிப்பு? பைத்தான் என்று நானே ஊகிக்கிறேன். ஃபோல்டர் அமைப்பையும் பிழைச் செய்தியையும் முழுசாகப் போடுங்கள். முக்கியமாகக் கடைசி வரி.

செல்லமுத்து_77
இனிட் கோப்பு (ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று காட்டும் __init__.py) இருக்காது. பத்துக்கு ஒன்பது பேருக்கு அதுதான்.

வரிசைக்காரன்
பாதைப் பிரச்சினை நண்பரே. மெயினை ஓட்டும்போது அது இருக்கும் ஃபோல்டரைப் பைத்தான் தன் தேடல் பட்டியலின் (இம்போர்ட் செய்வதை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற வரிசை) தலையில் வைத்துக்கொள்ளும். நோட்புக்குக்கு நோட்புக் இருக்கும் ஃபோல்டர்தான் தலையில் வரும். அதைத் தனி ஃபோல்டரில் வைத்திருப்பீர்கள். எஸ்ஆர்சி என்று ஒரு ஃபோல்டர் போட்டு பேக்கேஜை அதற்குள் தள்ளுங்கள், பேக்கேஜின் விவரம் சொல்லும் பைப்ராஜெக்ட் டாம்ல் கோப்பை எழுதுங்கள், அப்புறம் 'பிப் இன்ஸ்டால் -இ .' கொடுங்கள் (பிப் என்பது பைத்தான் நிறுவி; '-இ' போட்டால் நகலெடுக்காமல் உங்கள் ஃபோல்டரையே இணைக்கும்). எங்கிருந்து கூப்பிட்டாலும் கிடைக்கும்.

மூத்தநிரலர்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாயிற்று. ஆய்வு செய்கிறவர்கள் முதலில் மொழியின் இம்போர்ட் முறையை ஒரு நாள் உட்கார்ந்து படிக்க வேண்டும். படிக்காமல் பேக்கேஜ் கட்டினால் இப்படித்தான் ஆகும். வரிசைக்காரன் சொன்னதைச் செய்யுங்கள், தீர்ந்துவிடும்.

காற்றளவி
பைத்தான் 3.11. இனிட் கோப்பு இருக்கிறது. பிப் இன்ஸ்டாலும் செய்தேன், கர்னலையும் (நோட்புக்கின் பின்னால் ஓடும் பைத்தான்) மறுபடி தொடங்கினேன், அதே பிழை. தேடல் பட்டியலின் தலையில் ஃபோல்டரை நானே கையால் சேர்த்தும் பார்த்துவிட்டேன். இன்னொன்று: தரவு 2.3 ஜிபி, அதுவும் பேக்கேஜுக்குள்ளேதான் இருக்கிறது. '-இ' இல்லாமல் நிறுவினால் நெடுநேரம் ஓடுகிறது. அதனால் இருக்குமோ?

வரிசைக்காரன்
2.3 ஜிபியை பேக்கேஜுக்குள்ளா? வேண்டவே வேண்டாம். சாதாரணமாக நிறுவும்போது அத்தனையும் நகலாகும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்றவே விடாது. தரவை ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் போடுங்கள், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு, டிஓஐ எண்ணும் (மாறாத அடையாள எண்) கிடைக்கும். நிரலுக்குள் முகவரியும் ஷா-256 கைரேகையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) மட்டும் இருந்தால் போதும். பூச் என்ற நூலகம் கோப்பைத் தானே இறக்கி, கைரேகை ஒத்துப்போகிறதா என்றும் சரிபார்த்துவிடும்.

ஆர்_பிரியை
எல்லாவற்றையும் வெளியே தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆர் மொழியில் மூலத் தரவு 'டேட்டா-ரா' ஃபோல்டரில் இருக்கும், அதைச் சுத்தம் செய்த நிரலும் அதன் பக்கத்திலேயே இருக்கும். பேக்கேஜ் கட்டும்போது அந்த ஃபோல்டரை விலக்கிவிடலாம், சுத்தமான சின்ன அட்டவணை மட்டும் உள்ளே போகும். படிக்கிறவர் இணையமே இல்லாமல் திறந்து பார்க்கலாம். இறக்கிக்கொள் என்று சொல்லிவிட்டு முகவரி மாறிப்போனால் அந்தக் கட்டுரையை யார் சரிபார்ப்பது?

வரிசைக்காரன்
டிஓஐ இருப்பதே முகவரி மாறினாலும் பொருள் கிடைக்கத்தான். நீங்கள் சொல்வது சின்ன அட்டவணைக்குப் பொருந்தும், அதைச் சோதனைக்காக உள்ளே வைக்கலாம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஆர்_பிரியை
முந்தைய பதிலில் அப்படிச் சொல்லவில்லையே. 'வேண்டவே வேண்டாம்' என்றீர்கள்.

செல்லமுத்து_77
இனிட் கோப்பின் பெயரில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு இருக்கிறதா? ஒன்று குறைந்தாலும் போச்சு.

இரவுப்பணி
தரவை எங்கே வைப்பது என்பதை அப்புறம் பேசலாம், அவருக்கு இம்போர்ட்டே ஆகவில்லை. காற்றளவி, மறுபடியும் கேட்கிறேன்: உங்கள் பேக்கேஜ் ஃபோல்டரின் பெயர் என்ன? கடைசி வரியை வெட்டாமல் போடுங்கள்.

காற்றளவி
பெயர் 'கோட்' (code). பக்கத்தில் 'டேட்டா' வேண்டும் என்று அப்படி வைத்தேன். வரி இதுதான்: மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்: நோ மாட்யூல் நேம்டு 'கோட்.கிளீன்'; 'கோட்' இஸ் நாட் எ பேக்கேஜ்.

இரவுப்பணி
அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் ('கோட்' ஒரு பேக்கேஜ் இல்லை என்பது) விஷயம். முதல் இடுகையில் அதை விட்டுவிட்டீர்கள். பைத்தானோடு வரும் நிலை நூலகத்திலேயே 'கோட்' என்று ஒரு மாட்யூல் (இம்போர்ட் செய்யக்கூடிய நிரல்) இருக்கிறது. அது ஒற்றைக் கோப்பு, பேக்கேஜ் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது அதுதான்.

மெயின் ஏன் ஓடியது என்றால், அது 'கோட்' ஃபோல்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்த இடம் பட்டியலின் தலையில் வந்துவிட்டது, உங்களுடையது ஜெயித்தது. பிப்பால் நிறுவினால் உங்கள் பேக்கேஜ், நாம் நிறுவுபவை போய்ச் சேரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் வழியாக வரும். அது தேடல் பட்டியலில் நிலை நூலகத்துக்குப் பின்னால் நிற்பது, அதனால் தோற்றது. நோட்புக்கில் கையால் பாதை சேர்த்தும் பலிக்காததற்குக் காரணம் வேறு: நோட்புக்கை ஓட்டும் ஐபைத்தான் தொடங்கும்போதே பைத்தானின் பிழைதிருத்தியை ஏற்றும், அது 'கோட்' மாட்யூலை ஏற்றும். நீங்கள் முதல் வரி எழுதும் முன்பே அந்தப் பெயர் நினைவகத்தில் உட்கார்ந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் நோட்புக்கில் 'இம்போர்ட் கோட்' போட்டுவிட்டு 'கோட்.__ஃபைல்__' அச்சிட்டுப் பாருங்கள். பைத்தான் நிறுவியிருக்கும் இடத்தைக் காட்டும். ஃபோல்டரின் பெயரை உங்கள் ஆய்வுக்கே உரிய ஏதாவது ஒன்றாக மாற்றுங்கள். இம்போர்ட் வரிகளிலும் டாம்ல் கோப்பிலும் மாற்ற மறக்காதீர்கள், பிறகு மறுபடி நிறுவுங்கள்.

மூத்தநிரலர்
பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே பிடித்திருப்பேன். நிலை நூலகப் பெயர்ப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெயர் வைப்பது அடிப்படை.

இரவுப்பணி
அவர் சொல்லவில்லைதான், நீங்களும் கேட்கவில்லை. ஆய்வாளர்கள் பாதிப்பேர் ஃபோல்டருக்கு இந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள். திட்டினால் அடுத்தவர் கேட்கவே வரமாட்டார்.

காற்றளவி
பெயர் மாற்றினேன், ஓடுகிறது!! ரொம்ப நன்றி. இப்போது நோட்புக்கில் சிஎஸ்வி கோப்பைக் காணோம் என்கிறது, பார்க்கிறேன்.

இரவுப்பணி
'டேட்டா/ரா' என்று சார்புப் பாதை எழுதியிருப்பீர்கள். அது நிரல் இருக்கும் இடத்திலிருந்து தொடங்காது, ஓட்டும் இடத்திலிருந்து தொடங்கும். சின்னக் கோப்புகளுக்கு, பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பைத் தேடித் தரும் இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் பயன்படுத்துங்கள். பெரிய தரவை வெளியே எடுத்துவிட்டு, அது இருக்கும் ஃபோல்டரை ஒரே ஒரு அமைப்புக் கோப்பில் எழுதி எல்லா நோட்புக்கும் அதையே படிக்கும்படி செய்யுங்கள். கிடைத்ததா என்று சொல்லுங்கள்.

ஆர்_பிரியை
வெளியே எடுத்தாலும் சுத்தம் செய்த அட்டவணையை உள்ளே ஒரு பிரதி வையுங்கள், காற்றளவி.