அக்காவோட ஆன்கோடைப் ஸ்கோர் 19, கீமோ எடுக்கணுமா?

வணக்கம், ஒரு உதவி வேணும். அக்காவுக்கு 46 வயசு, மார்புல புற்றுநோய் கட்டி எடுத்து ஒன்றரை மாசம் ஆச்சு, ஈஆர் பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால வளர்ற வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2ங்கற புரதம் அதிகமா இல்ல), அக்குள் நெறிக்கட்டுல பரவல. எடுத்த கட்டியிலயே 21 ஜீன் பாக்குற ஆன்கோடைப் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க (பரம்பரையா வர்ற பிஆர்சிஏ டெஸ்ட் வேற, நானே ரெண்டு நாள் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டேன்). நோய் திரும்ப வர்ற வாய்ப்பு எவ்ளோ, கீமோவால பலன் இருக்குமான்னு காட்டுற ஸ்கோர் அது, 100க்கு 19 வந்துச்சு. கம்மிதானேன்னு சந்தோஷப்பட்டா, டாக்டர் என்னடான்னா வயசு 50 தாண்டியிருந்தா ஸ்கோர் 25 வரைக்கும் ஹார்மோன் மாத்திரையே போதும்னு தைரியமா சொல்லுவேன், மாதவிடாய் நிக்காதவங்களுக்கு 16லேர்ந்து 25க்குள்ள வந்தா கீமோவால கொஞ்சம் பலன் இருக்கு, ஆனா அது மருந்து புற்று செல்ல கொல்றதாலயா இல்ல கீமோ சினைப்பைய நிறுத்திடறதாலயான்னு தெளிவா சொல்ல முடியல, நீங்களே யோசிங்கன்னு விட்டுட்டார்.

அக்கா ரிப்போர்ட்ட நாலா மடிச்சு தலகாணிக்கு அடியில வெச்சிருக்கா, கேட்டா நீயே சொல்லுடிங்கறா.

இதே மாதிரி ஸ்கோர் வந்தவங்க இருக்கீங்களா? கீமோ எடுத்தீங்களா, இல்ல சினைப்பைய அடக்குற ஊசியும் மாத்திரையும் மட்டுமா? ஊசி போட்டவங்களுக்கு மூட்டு வலி, தூக்கம் எல்லாம் எப்படி இருந்துச்சு? புதன்கிழம டாக்டர பாக்கணும், என்ன கேக்கலாம்னும் சொல்லுங்க. கஷாயம் மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், சொந்தக்காரங்களே போதும் அதுக்கு.