64 பிட் ட்ரேசரில் 32 பிட் புரோகிராம்: ரைட் அழைப்பு ஸ்டாட் என்று வருகிறது

கொத்தவரை (கேள்வி):
எக்ஸ்86-64 லினக்ஸ், கெர்னல் 6.1. பிட்ரேஸ் (ஒரு பிராசஸை இன்னொன்று நிறுத்திக் கவனிக்கும் வசதி) வைத்து, சிஸ்கால்களை (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் மாதிரி சின்னதாக ஒரு ட்ரேசர் சி-யில் எழுதியிருக்கிறேன். 64 பிட் புரோகிராம்களுக்கு ஒழுங்காக ஓடுகிறது. அதே ஹலோ வேர்ல்டை -எம்32 போட்டு 32 பிட்டாகக் கம்பைல் செய்து கொடுத்தால் பட்டியல் கன்னாபின்னா என்று வருகிறது: ரெக்வ்ஃப்ரம், எல்கெட்எக்ஸ்அட்டர், ஸ்டாட், கடைசியில் ஐஓபிரியோ_கெட். சாக்கெட்டே திறக்காத புரோகிராம் இது! ஆனால் ஓட்டத்தில் பிழை எதுவும் இல்லை, திரையில் எழுத்தும் வருகிறது.

ரெஜிஸ்டர்களைத் தரும் பிட்ரேஸ்_கெட்ரெக்ஸ் மூலம் ஆரிஜ்_ஆர்ஏஎக்ஸைப் (சிஸ்கால் எண் இருக்கும் இடம்) படித்து எண்ணைப் பார்க்கிறேன். அதே வேலைக்கான கெட்ரெக்செட்டுக்கு மாற்றினால் எல்லா ரெஜிஸ்டரும் குப்பையாக வருகிறது. சிஎஸ் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 23 இருந்தால் 32 பிட், 33 இருந்தால் 64 பிட் என்று பிரித்துவிட்டால் போதுமா?

தறிநூல்:
ட்ரேஸ் பொய் சொல்லவில்லை, நீங்கள் தப்பான அட்டவணையில் தேடுகிறீர்கள். 32 பிட்டில் பிஆர்கே 45, ரைட் 4, எம்மேப்2 192, எக்ஸிட்_குரூப் 252. இதே எண்களை 64 பிட் அட்டவணையில் பாருங்கள்: ரெக்வ்ஃப்ரம், ஸ்டாட், எல்கெட்எக்ஸ்அட்டர், ஐஓபிரியோ_கெட். ஆர்க்யுமென்ட் வரிசையும் வேறு: ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ், ஈஎஸ்ஐ, ஈடிஐ, ஈபிபி. 64 பிட் போல ஆர்டிஐயில் முதல் ஆர்க்யுமென்டைத் தேடினால் கிடைக்காது.

கெட்ரெக்செட் குப்பை ஏன் என்றால், கெட்ரெக்ஸ் ட்ரேஸ் செய்பவரின் அமைப்பில் தரும்: 27 ரெஜிஸ்டர், தலா 8 பைட், மொத்தம் 216. கெட்ரெக்செட் ட்ரேஸ் செய்யப்படும் பிராசஸின் அமைப்பில் தரும்: 17 ரெஜிஸ்டர், தலா 4 பைட், 68தான். 216 பைட் பஃபர் கொடுங்கள், திரும்பி வந்ததும் ஐஓவி_லென் (நிரப்பிய பைட் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். 68 என்றால் 32 பிட் ஸ்ட்ரக்ட்டாகப் படியுங்கள்.

ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே நம்பாதீர்கள். ஃபோர்க் ஆன உங்கள் சைல்டு (ட்ரேசரின் நகலாகப் பிறந்த பிராசஸ்) 64 பிட். அது 59ஆம் எண் எக்செக்வியை (வேறு புரோகிராமை ஏற்றி ஓட்டும் அழைப்பு) 64 பிட்டாகத்தான் கூப்பிடும். அந்த அழைப்பு முடிந்து வெளியே வரும்போது 32 பிட்டாகியிருக்கும். நுழைவில் 216, வெளியேற்றத்தில் 68.

அரைக்கீரை:
சிஎஸ் யோசனை முக்கால்வாசி சமயம் சரியாக வரும், அதனால்தான் ஆபத்து. சிஎஸ் சொல்வது சிபியு எந்த மோடில் ஓடுகிறது என்பதை. சிஸ்கால் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பது வேறு கேள்வி. 64 பிட் புரோகிராம் ஒன்று 32 பிட் வாசலான இன்ட் 80 (ஹெக்ஸ்) கட்டளையைப் போட்டால் சிஎஸ் 33ஆகவே இருக்கும். கெர்னல் 32 பிட் அட்டவணையைப் பார்க்கும். இதை வைத்தே ட்ரேசரை ஏமாற்றலாம். சாண்ட்பாக்ஸ் (புரோகிராமை அடைத்து ஓட்டும் வேலி) எழுதுபவர்கள் விழும் பள்ளமும் இதுதான்.

கெர்னல் 5.3 முதல் பிட்ரேஸ்_கெட்_சிஸ்கால்_இன்ஃபோ இருக்கிறது. ஆர்ச் என்ற புலத்தில் ஆடிட்_ஆர்ச்_ஐ386 வந்தால் 32 பிட் அட்டவணை. எண், ஆறு ஆர்க்யுமென்ட் எல்லாம் வரிசையாகத் தந்துவிடும், ரெஜிஸ்டர் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிட்ரேஸ்_ஓ_ட்ரேஸ்சிஸ்குட் விருப்பத்தைப் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் ஓபி புலம் 0 என்றே வரும், நுழைவா வெளியேற்றமா தெரியாது. போட்டால் நிறுத்த சிக்னல் 5க்குப் பதில் 133.

கொத்தவரை:
மாற்றிவிட்டேன், பெயர்கள் சரியாக வருகின்றன. 32 பிட் புரோகிராம் ஒன்று கூப்பிடும் எக்செக்வியின் ஆர்க்வியைப் (ஆர்க்யுமென்ட் பட்டியல்) படித்தால் மட்டும் பீக்டேட்டா (மெமரியைப் படிக்கும் பிட்ரேஸ் அழைப்பு) ஈஐஓ பிழை தருகிறது.

தறிநூல்:
8 பைட்டாகத் தாவுகிறீர்கள். 32 பிட்டில் ஒவ்வொரு பாயின்டரும் 4 பைட். இரண்டு முகவரிகள் ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன, அப்படி ஓர் இடம் மெமரியிலேயே இல்லை. பீக்டேட்டா 64 பிட் ட்ரேசருக்கு எப்போதும் 8 பைட் தரும், கீழ்ப் பாதியை மட்டும் எடுங்கள். பழைய டைம்ஸ்பெக்கும் (நேரம் வைக்கும் ஸ்ட்ரக்ட்) அப்படித்தான்: 32 பிட்டில் 8 பைட், 64 பிட்டில் 16.

அரைக்கீரை:
அடுத்து சிஸ்கால் ஊசி போடுவீர்கள் (அந்தப் பிராசஸை நீங்கள் சொல்லும் அழைப்பைச் செய்யவைப்பது), அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ரீட் அழைப்பில் காத்திருக்கும் 32 பிட் பிராசஸைச் சிக்னலால் நிறுத்தினால் ஏஎக்ஸில் -512 இருக்கும், அதாவது ஈரீஸ்டார்ட்சிஸ் (அழைப்பை மறுபடி தொடங்கு என்ற கெர்னலின் உள்குறி). அதை 32 பிட் வேரியபிளில் வாங்கி செட்ரெக்ஸில் திருப்பி எழுதினால் 4294966784 என்ற நேர்ம எண்ணாகிவிடும். கெர்னல் அதை மறுதொடக்கக் குறியாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடலாம். அப்போது புரோகிராமுக்கு எர்நோ 512 என்று யாருக்கும் புரியாத பிழை போகும். முதலில் இன்ட், பிறகு லாங் என்று காஸ்ட் செய்து எழுதுங்கள், அல்லது 216 பைட்டையும் அப்படியே வைத்திருந்து அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

ஊசி போடும்போது இதற்கு நேர்மாறான தொல்லை. -512 அப்படியே இருக்க ஐபியை (அடுத்து ஓடும் கட்டளையின் முகவரி) மட்டும் மாற்றினால், இன்ட் 80இன் நீளமான 2 பைட்டைக் கெர்னல் கழித்துவிடும். நீங்கள் சொன்ன இடத்துக்கு 2 பைட் முன்னால் போய் நிற்கும். ஆரிஜ்_ஆர்ஏஎக்ஸில் -1 எழுதினால் அந்தக் கழித்தல் நடக்காது. வேலை முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பி வையுங்கள்.