ஜூனில் ஒன்றாம் வகுப்பு. என் மனசு சரியில்லாதது பிள்ளையைப் பாதிக்குமா?

கோட்டையூர்க்காரி:

வணக்கம். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் இருக்கிறோம். மகனுக்கு வருகிற ஜூனில் 5 வயது முடிகிறது, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடி மேல் கலர் ஊற்றிக் கல் வார்க்கிற வேலை. வெயில் அடித்தால்தான் கல் காயும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வாரத்தில் இரண்டு நாள் கூலி வந்தாலே பெரிது. நான் கல்யாண சீசனில் பலகாரம் போடுகிற ஓர் ஆச்சி வீட்டுக்குப் போவேன். சீப்புச் சீடை, மணகோலம், கை முறுக்கு எல்லாம் போடுவோம். ஆர்டர் இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. மாதாமாதம் வரும் உரிமைத்தொகை 1000 ரூபாய்தான் நிச்சயமான காசு. அதுவும் வந்த கையோடு குழு லோனுக்குப் போய்விடும்.

போன மழைக்காலத்திலிருந்து எனக்கு மனசு சரியில்லை. படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் எதிலும் பிடிப்பு இல்லை. முறுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வழிகிறது. ஆச்சி கேட்டால் அடுப்புப் புகை என்று சொல்லிவிடுவேன். முன்பெல்லாம் மகனுக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்வேன். இப்போது போனைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறேன்.

போன வாரம் அவன் திண்ணையில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். ஐந்து ஐந்தாகக் கூறு வைத்தான். காலி சோப்பு டப்பாவை ஆள் மாதிரி எதிரே நிறுத்தி, "அண்ணே, இந்த வாரம் மூணு கூறுதான் இருக்கு. அடுத்த வாரம் சேத்துத் தந்துர்றேன், சத்தம் போடாதீங்க" என்கிறான். என் குரல், என் இழுப்பு. செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணிக்கு வசூலுக்கு வருகிறவரிடம் நான் பேசுவது அப்படியே இருந்தது. எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

அவனுக்கு இன்னும் அ, ஆ எழுத வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யூகேஜி, ஏபிசிடி முழுக்க எழுதுகிறாள். எங்களிடம் காசு இல்லாததால் இவன் பின்தங்குகிறானா, இல்லை என் மனசு இப்படி இருப்பதாலா? ஜூனுக்குள் நான் என்ன செய்யலாம்?

பால்வாடி டீச்சர், தேவகோட்டை பக்கம்:

தங்கச்சி, உங்கள் நெஞ்சை அடைத்த அந்தப் புளியங்கொட்டை இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். ஐந்து ஐந்தாகக் கூறு வைக்கிறான், மூன்று கூறு என்று எண்ணிச் சொல்கிறான், எதிரில் இல்லாத ஆளிடம் முழு வாக்கியமாகப் பேசுகிறான். பள்ளிக்குத் தயாராவது என்று நாங்கள் பார்ப்பது இதைத்தான். எழுத்து ஒன்றாம் வகுப்பில் வந்துவிடும். ஒன்றுக்கு வந்தால் சொல்லத் தெரிகிறதா, தானாகச் சாப்பிடுகிறானா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா, ஒரு கதை முடியும்வரை உட்காருகிறானா என்று பாருங்கள். பென்சிலைத் திணிக்க வேண்டாம். முறுக்கு மாவில் ஓர் உருண்டை கொடுங்கள், அவனும் சுற்றட்டும், விரல் பலப்படும். பால்வாடிக்கு அனுப்புகிறீர்களா? அதைச் சொல்லவில்லையே.

மதுரையிலிருந்து, சொந்த ஊர் பள்ளத்தூர்:

சமூகப்பணி படிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். காசா, மனசா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கயிறுதான். 1980-களில் அமெரிக்காவின் அயோவாவில் விவசாயக் குடும்பங்கள் கடனில் நொடித்தபோது ரேண்ட் காங்கர் என்ற ஆய்வாளரின் குழு அந்தப் பகுதிக் குடும்பங்களைக் கவனித்தது. பண நெருக்கடி முதலில் அப்பா அம்மாவின் மனத்தைப் பிடிக்கிறது, அங்கிருந்து சண்டையாகவும் கத்தலாகவும் பிள்ளையிடம் போகிறது என்றார்கள். உங்கள் வீட்டு மழைக்காலம்தான் அது.

அப்படியானால் காசு வந்தால் எல்லாம் சரியாகுமா? அமெரிக்காவிலேயே 2018-இல் ஒரு சோதனை தொடங்கியது. ஏழ்மையில் இருந்த 1000 தாய்மாரில் ஒரு பகுதியினருக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து மாதம் 333 டாலர், மற்றவர்களுக்கு 20 டாலர். பிள்ளைகளுக்கு 4 வயதானபோது பேச்சிலோ அறிவு வளர்ச்சியிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை, தாய்மாரின் மனச்சோர்வும் குறையவில்லை. நடுவில் கொரோனா வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வுக்குத் தனியாக வைத்தியம் வேண்டும் என்கிறேன். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய்ப் பேச வைத்தார்கள். பிள்ளைக்கு 6 மாதமானபோது அவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு இருந்தது. அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 53 சதவீதம். அந்த வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் பிள்ளையோடு விளையாடும் நேரமும் கூடியிருந்தது. இது 2008-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது.

இரண்டு பிள்ளை அம்மா, காரைக்குடி:

அக்கா, எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இதே மாதிரி இருந்தது. அத்தை "வேலை இல்லாதவளுக்கு வருகிற நோய்" என்றார்கள், நானும் அதை நம்பி ஒரு வருஷத்தை வீணாக்கினேன். 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டுப் போடும் இடத்தில் மனநல டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேளுங்கள். செத்துப்போகலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அன்றைக்கே போங்கள், கிழமை பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. குழு லோன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக்கூடாது. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி அது. ராத்திரி 8 மணிக்கு வந்தால் உங்கள் வீட்டுக்காரரை வாசலில் நின்று இதைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்கவே வேண்டாம்.

கோட்டையூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், மழையில் நிறுத்திய பிறகு பால்வாடிக்கு அனுப்பவே இல்லை, அது என் தப்பு. திங்கட்கிழமையிலிருந்து போகிறான்.

14416-இல் ஒரு பெண் 20 நிமிஷம் பேசினார். பாதி நேரம் நான் அழுதுகொண்டே இருந்தேன், அவர் போனை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை போகிறோம், வீட்டுக்காரர் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறார். வசூல்காரரிடம் அவரே 6 மணி விதியைச் சொன்னார். வசூல்காரர் முணுமுணுத்துக்கொண்டு போனார், அடுத்த வாரம் 5 மணிக்கே வந்தார்.

நேற்று சோப்பு டப்பா இருந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். "எத்தனை கூறு வேணும்?" என்றான். ஏழு என்றேன். ஆறு கூறு வைத்துவிட்டுக் கொட்டை தீர்ந்துபோய், மீதியைத் தேடித் துளசி மாடத்துக்குப் பின்னால் போனான்.